நூறில் இரண்டு பங்கு

ஆயுத பூசைக்கு முந்திய இரண்டு நாளும் அந்த இயந்திரத்தைக் கழுவித் துடைத்தவள் கஜந்தினி. பூசையன்று அதன் கிட்டவும் வரக்கூடாது என்று சொல்லப்பட்டவளும் அவள்தான்.

அரியாலையில், தண்டவாளத்துக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் இருந்தது சுபாஸ்கரனின் பட்டறை. சாதாரண லேத் இரண்டு, கணினி லேத் ஒன்று. சாதாரண லேத்தில் ஆள் கைப்பிடியைத் திருகி இரும்பைக் கடைவான். கணினி லேத்தில் ஆள் எழுதவேண்டும். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு, எந்த இடத்தில் என்ன வேகம் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உருக்குக் கம்பி சுழலும். வெட்டுமுனை தானாக வந்து தோலுரித்துவிட்டுத் தானாகத் திரும்பிப் போகும். அந்த வரிகளைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் பட்டறையில் அவள் ஒருத்திதான். அளவெட்டியில் அடுத்தவன் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிய கமலாவதியின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் கிடைத்தபோது, “ரீச்சிங் வேலை எப்ப கிடைக்கும்?” என்று கேட்ட ஊர்ச்சனம், லேத் பட்டறைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் கேட்பதையே விட்டுவிட்டது.

அந்தக் கிழமை முழுவதும் கையில் இருந்தது பருத்தித்துறைத் தியாகராசாவின் வேலை. மீன்பிடி வள்ளங்களின் இயந்திரத்துக்குக் கடல்நீரை இழுத்துக் கொடுத்துக் குளிரவைக்கும் பம்பிகளை அவர் செய்து விற்கிறவர். பம்பிக்கு நடுவில் ஓடும் தண்டுதான் அவருக்கு வேண்டியது. அறுபது தண்டு. அதில் பெயறிங், தண்டு உரசாமல் சுழலவைக்கும் குண்டு வளையம், இருக்கும் இடம் இருபது மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்காவது கூட இருக்கவேண்டும், பதினைந்து பங்குக்கு மேல் போகக்கூடாது. தண்டு மயிரிழை கூடினால்தான் பெயறிங் இறுகி இருக்கும். குறைந்தால் பெயறிங்குக்குள் தண்டு வழுக்கும், சூடேறும், நடுக்கடலில் பம்பி நிற்கும். பம்பி நின்றால் இயந்திரம் நிற்கும். பிறகு கரையில் நிற்கிறவர்கள் தேவாரம் பாடலாம், செபமாலை சொல்லலாம், அவரவர் விருப்பம்.

அறுபதும் சரிவந்தால் மாதம் முந்நூறு தண்டு, இரண்டாவது கணினி லேத், இரண்டுக்கும் பொறுப்பு கஜந்தினி. சுபாஸ்கரன் தன் வாயால் சொன்னது. பிழைத்தால் என்னவென்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவருடைய தமக்கையின் மகன் கோபிசங்கர் ஆறு மாதக் கோர்ஸ் ஒன்று முடித்துவிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவளை மாற்றி இருத்தக் கந்தோர் அறையில், கணக்குப் புத்தகங்களுக்கு முன்னால், கதிரை ஒன்று காலியாக இருந்தது.

பூசையன்று காலை அவள் பனடோல் மாத்திரை போட்டதைச் சுபாஸ்கரனின் மனைவி கேதீஸ்வரி கண்டுவிட்டாள்.

“பிள்ளை, குறை நினையாதை. உனக்கு இண்டைக்குச் சுகமில்லையோ?”

“ஓம் அக்கா. ரெண்டாம் நாள்.”

வேறொருத்தி என்றால் தலையிடி என்று சொல்லித் தப்பியிருப்பாள். கஜந்தினிக்கு அந்தக் கெட்டித்தனம் என்றைக்கும் வாய்த்ததில்லை.

“அப்ப பூசை முடியுமட்டும் வெளியிலை இரன். துடக்கோடை சரஸ்வதிக்கு முன்னாலை…”

“நேற்று முழுக்க உந்தச் சரஸ்வதியின்ரை வயித்துக்குள்ளை கையை விட்டு இரும்புச் சுருள் அள்ளினனான் அக்கா. நேற்று முதலாம் நாள். அவ ஒண்டும் சொல்லேல்லையே.”

கேதீஸ்வரியின் முகம் சிவந்தது. “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை. சொல்லுறதைக் கேள்.”

கஜந்தினி படலைக் கதவுக்கு வெளியே தன் ஸ்கூட்டியில் குந்தியிருந்தாள். உள்ளே மணி அடித்தது, கற்பூரம் மணத்தது. குருநகர்ப் பிரகாஸ் ஒரு கடதாசியில் கடலை கொண்டுவந்து நீட்டினான். பம்பிகளைப் பூட்டிப் பார்க்கும் வேலை அவனுடையது. அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயது.

“நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், என்னை உள்ளுக்கு விட்டினம். நீ சைவம், வெளியிலை நிக்கிறாய். உங்கடை சமயம் எனக்கு விளங்கேல்லையடி கஜா.”

“எனக்கும் விளங்கேல்லை. கடலையைத் தா.”

சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் எந்த விரிவுரையாளரும் அவளிடம் எத்தனையாம் நாள் என்று கேட்டதில்லை.

மறுநாள் விசயதசமி. பூசையில் வைத்த ஆயுதத்தை எடுத்து நல்ல நேரத்தில் வேலை தொடங்கவேண்டும். எட்டுப் பன்னிரண்டோடு நேரம் முடிகிறது என்று சுபாஸ்கரன் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார். கஜந்தினி ஏழே முக்காலுக்கு வந்தபோது இயந்திரம் முழுக்கச் சந்தனப் பொட்டு. திரையில், கதவில், சாவியில். அவளுடைய மைக்ரோமீற்றரின் முதுகிலும் ஒன்று.

மைக்ரோமீற்றர் என்பது கைக்கடக்கமான, லாடம் போல வளைந்த கருவி. உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு உருக்கு முகங்கள். அவற்றுக்கு நடுவில் தண்டை வைத்துத் திருகினால் தடிப்பைச் சொல்லும். ஒவ்வொரு காலையும் அவள் அந்த முகங்களைத் துடைப்பாள், இரண்டையும் முட்ட மூடுவாள், கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். பல் தீட்டுவது போல ஒரு பழக்கம். அதற்குப் பிறகுதான் எந்த வேலையும்.

அன்றைக்கு முதுகில் இருந்த பொட்டை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டு நிற்கையில் கோபிசங்கர் வந்தான்.

“அக்கா, இண்டைக்கு நான் மெசினை ஸ்ராட் பண்ணுறன். நீங்கள் பக்கத்திலை நிண்டு சொல்லித் தாங்கோ.”

“ஏன், உன்ரை கையிலை என்ன விசேசம்?”

“இல்லை… மாமி சொன்னவ, முதல் வெட்டு எண்டபடியா…”

“மாமி புரோகிராம் எழுதுவாவோ?”

“அக்கா, உதிலை கோவிக்க என்ன இருக்கு? மூண்டு நாள் தானே.”

அந்த ‘மூன்று நாள்’ அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. மாமிக்குத் தெரிந்தது மருமகனுக்கும் தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் பட்டறைக்கே தெரிந்திருக்கிறது. அவள் வாயைத் திறந்தாள். கோபிசங்கரின் ஆறு மாதக் கோர்ஸ், தாயின் தம்பியின் பட்டறை என்பதால் அவன் உள்ளே வந்த கதை, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சுபாஸ்கரன் மணிக்கூட்டைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“சண்டையைப் பிறகு பிடியுங்கோ. எட்டுப் பத்து! பிள்ளை, நீயே தொடங்கு. நேரம் போகுது.”

எட்டுப் பதினொன்றுக்கு அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

முதல் தண்டு வெளியே வந்தது. துடைத்து அளந்தாள். இருபதுக்கு மேல் ஆயிரத்தில் இருபத்தெட்டு. கூட. மூன்று நாள் முன்பு ஓட்டிப் பார்த்தபோது எட்டில் நின்ற அளவு. கழுவிப் பூட்டியது, ஒரு நாள் ஓயவிட்டது, காலைக் குளிர், எதுவும் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தாள். நூறில் இரண்டு பங்கு, அதாவது ஆயிரத்தில் இருபது, குறைக்கும்படி இயந்திரத்துக்கு எண் கொடுத்து, அதே தண்டைத் திரும்ப ஒருமுறை சீவினாள். இப்போது எட்டு. அச்சொட்டு. அதன்பிறகு ஐந்து தண்டுக்கு ஒன்று அளந்து தாளில் எழுதினாள். எட்டு, ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு. பார்க்கவே வடிவாக இருந்தது.

பின்னேரம் சுபாஸ்கரன் குடும்பம் கோபிசங்கரையும் கூட்டிக்கொண்டு மானம்பூத் திருவிழாவுக்குப் போய்விட்டது. கோயிலில் வாழை வெட்டுவார்கள். பட்டறையில் இவளும் பிரகாசும்தான். நாற்பத்தெட்டுத் தண்டு முடிந்து மேசையில் வரிசையாகக் கிடந்தது.

“கஜா, இங்கை ஒருக்கா வா.”

அவனுடைய குரலில் பகிடி இல்லை. கையில் ஒரு தண்டும் புதுப் பெயறிங் ஒன்றும். பெயறிங்கைத் தண்டின் நுனியில் வைத்தான். அழுத்தும் இயந்திரத்தில் வைத்து அழுத்தினால்தான் ஏறவேண்டிய சாமான், கையில் காப்புப் போடுவது போல லேசாக இறங்கிப்போய் அடியில் நின்றது. தண்டைக் கவிழ்த்தான். பெயறிங் மேசையில் டங்கென்று விழுந்தது.

“வேறை பெயறிங் போட்டுப் பார்.”

“மூண்டு போட்டுப் பாத்திட்டன். வேறை தண்டும் பாத்திட்டன்.”

அவள் மைக்ரோமீற்றரை எடுத்து அந்தத் தண்டை அளந்தாள். எட்டு. கருவி எட்டு என்கிறது, பெயறிங் பொய் என்கிறது. பெயறிங்குக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அப்போதுதான் அவள் இரண்டு முகங்களையும் மூடினாள். காலையில் செய்திருக்கவேண்டியது. கோடு பூச்சியத்தில் நிற்கவில்லை. நூறில் இரண்டு பங்கு தள்ளி நின்றது. திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முகத்தில், சவர்க்காரம் காய்ந்தது போல மங்கலான ஒரு படலம். நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தாள்.

சந்தனம்.

வாய் திறந்தபடி பூசையில் இருந்த கருவி. யாரோ மூன்று விரலால் இழுத்துப் பூசியிருக்கிறார்கள். முதுகில் விழுந்தது பொட்டு, உள்முகத்தில் விழுந்தது இது. துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தாள். இருபது இல்லை. இருபதுக்குக் கீழே, ஆயிரத்தில் பன்னிரண்டு. முதல் தண்டு உண்மையில் சரியாகத்தான் வந்திருக்கிறது. அதைத் ‘திருத்தி’க் கெடுத்தவள் அவள். பிறகு நாற்பத்தேழு தடவை அதே பிழையை இயந்திரம் சொன்னபடி கேட்டுச் செய்திருக்கிறது. இயந்திரத்தின் கீழ்ப்படிவு அப்படி. சீவியதை எந்த எண் கொடுத்தும் திரும்ப ஒட்ட முடியாது.

அவள் குந்தினாள். அழுகை வரவில்லை. வந்தது வேறொரு கணக்கு.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பூச்சியம் பார்க்காத கதை ஒருவருக்கும் ஏறாது. துடக்கோடு தொட்டாள், நாற்பத்தெட்டும் நாசம். அவ்வளவுதான் நிற்கும். இந்தப் பட்டறையில் மட்டுமில்லை, இனிமேல் எந்தப் பட்டறைக்கு எந்தப் பெட்டை வேலை கேட்டு வந்தாலும் அவளுக்கு முன்னால் இந்தக் கதை போய் நிற்கும்.

பிரகாசுக்கும் அது விளங்கியிருந்தது. “வெட்டுமுனை தேஞ்சு போச்செண்டு சொல்லு.”

“முனை தேஞ்சால் தண்டு பருக்கும். மெலியாது.”

“உது உனக்கும் எனக்கும் தெரியும். கோபிக்குத் தெரியுமோ? சுபாஸ் அண்ணைக்குத் தெரியுமோ? அண்ணை ஓடர் பிடிக்கிற ஆள், இரும்பு பிடிக்கிற ஆள் இல்லை.”

உண்மைதான். ஒருவருக்கும் தெரியாது. அவள் படித்த படிப்பை முதன்முதலாக ஒரு பொய்க்குப் பாவிக்கலாம், ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அந்த நினைப்புத்தான் அவளை எழுப்பியது. தெரியாதவர்கள் தலையில் தெரிந்தவன் மிளகாய் அரைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். தாயின் கூலி நாட்களைத் தோட்டத்துச் சொந்தக்காரன் எண்ணிய எண்ணிக்கையும் இப்படித்தான். எண்ணத் தெரிந்தவன் சொன்னதுதான் எண்.

தாளை எடுத்தாள். எழுதியிருந்த வடிவான எண்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: 48 தண்டு, குறை அளவு, கழிவு. காரணம் ஒன்று, மைக்ரோமீற்றர் முகத்தில் பூசைச் சந்தனம். காரணம் இரண்டு, காலையில் பூச்சியம் பார்க்கப்படவில்லை. பார்க்காதவர்: கஜந்தினி.

மைமல் இருட்டில் திருநீற்று நெற்றிகளோடு அவர்கள் வந்தார்கள். சுபாஸ்கரன் தாளை இரண்டு தரம் வாசித்தார். தண்டு ஒன்றை எடுத்துப் பெயறிங்கைத் தானே போட்டு, தானே விழுத்திப் பார்த்தார்.

“கம், பசை ஏதும் போட்டு இறுக்கேலாதோ?”

“இறுக்கலாம் அண்ணை. கொஞ்ச நாளைக்கு நிக்கும்.”

“அண்ணை,” என்றான் பிரகாஸ், “எங்கடை அப்பாவின்ரை வள்ளத்திலை ஓடுறதும் தியாகராசா ஐயாவின்ரை பம்பிதான். நான் உதுக்குக் கம் பூசமாட்டன். வேறை ஆளைப் பிடியுங்கோ.”

கோபிசங்கர் இப்படியொரு இடம் வரட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். “நான் காலமையே சொன்னன் தானே மாமா, இண்டைக்கு அக்காவைத் தொட விடவேண்டாமெண்டு.”

அந்தா வந்துவிட்டது. அவள் காத்துக்கொண்டிருந்தது. காத்திருந்ததாலோ என்னவோ, நினைத்த அளவு சுடவில்லை.

“கோபி, இதைப் பிடி. மூடு. எங்கை நிக்குது?”

“…பூச்சியத்திலை.”

“சரி. அங்கை தட்டிலை சந்தனம் இருக்கு. ஒரு விரலாலை தொட்டு உந்த முகத்திலை பூசு. உன்ரை கையாலை. நீ சுத்தமான ஆள் தானே. ஊது, காயட்டும். இப்ப மூடு. எங்கை நிக்குது?”

அவன் பார்த்தான். சுபாஸ்கரன் எட்டிப் பார்த்து, “தள்ளித்தான் நிக்குது,” என்றார்.

“உந்தத் தள்ளல் என்ரை உடம்பிலையிருந்து வரேல்லை. விரலிலையிருந்து வந்தது. ஆற்றை விரலெண்டாலும் வரும்.”

கேதீஸ்வரி அதுவரை வாசலில் நின்றாள். மெல்ல வந்து அந்தக் கருவியை வாங்கிப் பார்த்தாள். “நான்தான் பூசினனான். கும்பிட்டுத்தான் பூசினனான் பிள்ளை.”

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் கஜந்தினியைத் தடுமாற வைத்தது. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும்; அந்த முகம் திடீரென்று பயந்த முகமாக இருந்தால் என்ன செய்வது? வருடம் முழுக்க இந்தச் சாமான்கள் ஒன்றையும் தொடக் கேதீஸ்வரியை ஒருவரும் விட்டதில்லை. பூசைக்கு ஒரு நாள் விடுகிறார்கள். அந்த ஒரு நாளில் தனக்குத் தெரிந்ததை, தெரிந்த கவனத்தோடு செய்திருக்கிறாள்.

“பூசினது பிழையில்லை அக்கா. பாக்காமல் தொடங்கினதுதான் பிழை. அது என்ரை. எழுதியிருக்கிறன்.” நிறுத்தினாள். இவ்வளவோடு விட்டால் எல்லாருக்கும் நல்லது. விட முடியவில்லை. “ஆனா நேற்று நான் உள்ளுக்கு நிண்டிருந்தா, நீங்கள் பூசேக்கை கண்டிருப்பன். ‘அக்கா, அதிலை வேண்டாம், பெட்டியிலை பூசுங்கோ’ எண்டு சொல்லியிருப்பன். என்னை வெளியிலை இருத்தினபடியாத்தான் காணேல்லை. அதை நான் எழுதேல்லை. ஆனா அதுவும் காரணம்.”

பிரகாஸ் பெயறிங்குகளைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

சுபாஸ்கரன் கையிலிருந்த தண்டை மேசையில் வைத்தார். “சரி, சரி. தியாகராசாவுக்கு என்னத்தைச் சொல்லுறது? இரும்பு சரியில்லையெண்டு சொல்லுவம். சந்தனம் எண்டால் பருத்தித்துறை முழுக்கச் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் அண்ணை. இரும்பு எண்டால் அடுத்த இரும்பு எப்பிடியெண்டு கேப்பார். என்ன சொல்லுவியள்?”

அவர் போனை எடுத்தார். பிறகு எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். சொல் என்று கண்ணால் காட்டினார். அவள் சொன்னாள். சந்தனத்திலிருந்து பூச்சியம் வரைக்கும், கூட்டாமல் குறைக்காமல். மறுமுனையில் தியாகராசா சிரிக்கவில்லை.

“எத்தினை?”

“நாப்பத்தெட்டு ஐயா.”

“ஆர் கண்டுபிடிச்சது?”

“பிரகாஸ். பெயறிங் போட்டுப் பாத்து.”

“நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன்,” என்றார் தியாகராசா. “நாலு தண்டைத்தான் பாத்திருப்பன், அதுவும் கண்ணாலை. சரி. அந்த நாப்பத்தெட்டும் ஒருத்தன்ரை கையிலையும் அம்பிடக்கூடாது. வெட்டிப்போட்டுப் படம் அனுப்புங்கோ. புதன்கிழமைக்குள்ளை அறுபது வேணும். முந்நூறு கதையைப் பிறகு பாப்பம்.” பிறகு, “சுபாஸ், இனி அளக்கிறது ஆர்?” என்றார்.

கேள்வி மேசையில் கிடந்தது. சுபாஸ்கரன் கோபிசங்கரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கஜந்தினி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. தாளில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிழைக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயர்.

“உவதான்,” என்றார் சுபாஸ்கரன். “பிழையை எழுதி வைக்கிற வேறை ஆள் ஒருத்தரும் என்னட்டை இல்லை.”

போன் நின்றது. இரண்டாவது இயந்திரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. வெற்றி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. காலையில் இருந்த இடத்தில்தான் நிற்கிறாள், நாற்பத்தெட்டுத் தண்டு குறைவாக.

கோபிசங்கர் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அவள் இயந்திரத்துக்கு முன்னால் போய்ப் புதிதாக ஐந்து வரி எழுதினாள். பெயறிங் இருக்கும் இடத்துக்கு நடுவில் ஆழமாக ஒரு பள்ளம் வெட்டும் வரிகள். பிறகு அந்தத் தண்டை உலகத்தில் ஒருவரும் ஒரு பம்பிக்குள்ளும் போட முடியாது. பழுதாக்கவும் பிழையில்லாமல் எழுதவேண்டியிருந்தது. முதல் தண்டைப் பூட்டினாள்.

கேதீஸ்வரி இன்னும் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்குக் கிட்ட வந்து, பால் போன்ற குளிர்நீர் பாய உள்ளே தண்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலைந்து தண்டு முடிந்த பிறகு கேட்டாள்:

“வாற வருசமும் பூசையண்டைக்கு உனக்கு அப்பிடி வந்தா?”

“உள்ளுக்குத்தான் நிப்பன் அக்கா.”

கேதீஸ்வரி வெட்டி முடிந்த தண்டொன்றை எடுத்து, வழுக்கவிடாமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கழிவுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அடுத்ததுக்குக் கையை நீட்டினாள்.